அச்சிட்ட திருக்கை மீன் உருவங்களைக் கொண்டு குழந்தைகளுக்குக் கைவேலை வகுப்பு நடத்துவது எப்படி?

சென்ற கோடை விடுமுறையில் எங்கள் பகுதி நூலகம் ஒன்றில், ஐந்து முதல் ஒன்பது வயதுக்குட்பட்ட முப்பது குழந்தைகளுக்குக் கடல் உயிரினக் கைவேலை வகுப்பு நடத்த ஒப்புக்கொண்டேன். இணையத்தில் கிடைத்த திருக்கைப் படம் ஒன்றைக் கைப்பேசியில் இறக்கி, வாட்ஸ்அப்பில் கடைக்கு அனுப்பி, முப்பது வண்ணப் பிரதிகளை முந்தைய நாள் மாலையில் வாங்கி வந்தேன். மறுநாள் வகுப்பில்தான் பார்த்தேன்: கோடுகள் மங்கியிருந்தன, வாலின் நுனி தாளின் ஓரத்தில் வெட்டுப்பட்டிருந்தது, தண்ணீர் வண்ணம் பட்டதும் அச்சு மை கரைந்து ஓடியது, ஒட்ட வேண்டிய மேல்பாகமும் அடிப்பாகமும் ஒன்றோடொன்று பொருந்தவில்லை. ஏறத்தாழ முந்நூறு ரூபாய் வீணானது ஒருபுறம் இருக்க, கத்தரிக்கோலைக் கையில் பிடித்துக்கொண்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்த முப்பது குழந்தைகளைச் சமாளித்ததுதான் பெரும் பாடு.

அதன் பிறகு மூன்று முறை இதே வகுப்பை நடத்திவிட்டேன். இவ்வகை வேலையில் தவறுகள் நடப்பது பெரும்பாலும் வகுப்பறையில் அல்ல, அதற்கு முன்னால் அச்சுக் கடையில்தான் என்பது எனக்குப் புரிந்திருக்கிறது. ஆகவே இந்தக் கட்டுரையிலும் அந்தப் பகுதியே நீளமாக இருக்கும்.

1. இரண்டு வாரம் முன்பே கடிதத்தைக் கொடுத்துவிடுங்கள்

வகுப்பு நடக்கப்போவது நூலகமானாலும் பள்ளியானாலும் அடுக்குமாடிக் குடியிருப்பின் பொது அறையானாலும், வாய்மொழிச் சம்மதத்தோடு நின்றுவிடாதீர்கள். ஒரு பக்கக் கடிதம் போதும். அதில் வகுப்பின் நாள், தொடங்கும் நேரம், முடியும் நேரம், குழந்தைகளின் எண்ணிக்கையும் வயதும், உங்களுக்குத் தேவையான மேசைகள், தண்ணீர்க் குழாய் வசதி, கட்டணம் வாங்குகிறீர்களா இல்லையா என்பன தெளிவாக இருக்க வேண்டும். தண்ணீர் வண்ணம் பயன்படுத்தப் போவதாகக் கடிதத்திலேயே குறிப்பிடுங்கள். புத்தக அலமாரிகளுக்கு நடுவே தண்ணீர்க் கிண்ணங்களைக் கண்டால் நூலகர் பதறுவது நியாயமே. இரண்டு பிரதிகள் எடுத்து, ஒன்றில் பெற்றுக்கொண்டதற்கான கையொப்பமும் தேதியும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

பெற்றோருக்கு ஒரு தனித் துண்டுத்தாள் வேண்டும். குழந்தையின் பெயர், வயது, அவசரத்துக்கு அழைக்க ஒரு எண், தோல் ஒவ்வாமை ஏதேனும் இருந்தால் அதன் விவரம், வகுப்பில் எடுக்கும் புகைப்படங்களில் குழந்தையின் முகம் இருக்கலாமா என்பதற்கு ‘ஆம்’, ‘இல்லை’ என்ற இரண்டு கட்டங்கள், கடைசியில் கையொப்பம். இந்தப் புகைப்படக் கட்டத்தைப் பலர் விட்டுவிடுகிறார்கள். வகுப்பு முடிந்து படங்களைக் குழுக்களில் பகிர்ந்த பின்பு ஒரு பெற்றோர் வருத்தப்பட்டால், பகிர்ந்ததைத் திரும்பப் பெற முடியாது.

2. எந்தத் திருக்கை என்று முடிவு செய்யுங்கள்

‘திருக்கை’ என்று தேடினால் வரும் படங்களில் பாதி பிழையானவை. மேல்புறத்தில், இரு கண்களுக்குக் கீழே, சிரிக்கும் வாய் ஒன்றை வரைந்திருப்பார்கள். கடலடியில் வாழும் திருக்கைக்குக் கண்கள் மேல்புறத்திலும், வாயும் ஐந்து இணைச் செவுள் பிளவுகளும் அடிப்புறத்திலும் இருக்கின்றன. அடிப்புறத்தைத் திருப்பிப் பார்த்தால் ஒரு சிரித்த முகம் தெரிவது உண்மைதான். ஆனால் அதில் கண்களைப் போலத் தோன்றுபவை மூக்குத் துளைகள். குழந்தைகளுக்கு இந்த ஒரு செய்தியைச் சொன்னாலே போதும், தாளின் இரண்டு பக்கங்களையும் தாங்களாகவே செய்ய ஆசைப்படுவார்கள். இந்த மீன் தட்டையானது. மேலும் கீழுமாக இரண்டே தாள்கள் போதும். மற்ற மீன்களை விடத் திருக்கையை நான் விரும்பித் தேர்ந்தெடுப்பது இதற்காகத்தான்.

நடைமுறையில் இரண்டு வடிவங்கள் கைகொடுக்கும். முதலாவது, வட்டமும் சாய்சதுரமும் கலந்த உடலும் நீண்ட வாலும் கொண்ட புள்ளித் திருக்கை. வெட்டுவதற்கு எளிது, ஐந்து, ஆறு வயதினருக்கு ஏற்றது. இரண்டாவது, மான்டா எனப்படும் பெரிய கொம்புத் திருக்கை. இதன் சிறகுகள் கூராகப் பின்னோக்கி வளைந்திருக்கும். தலையின் முன்னால் கொம்புகளைப் போல இரண்டு மடல்கள் நீட்டிக்கொண்டிருக்கும். வாய் அடிப்புறத்தில் அல்லாமல் முன்புறத்தில் இருக்கும். கண்கள் தலையின் இரு பக்கங்களில் இருக்கும். கொட்டும் முள் கிடையாது. கொம்புகளுக்கு இடையிலுள்ள குழிவை வெட்டக் கை பழகியிருக்க வேண்டும் என்பதால், ஏழு வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு மட்டும் இதைக் கொடுங்கள். இரண்டின் உறுப்புகளையும் கலந்து ஒரே படத்தில் போட்டிருக்கும் அச்சுத்தாள்களைத் தவிர்த்துவிடுங்கள். எங்கள் பக்கத்துக் குழந்தைகள் பலர் மீன் சந்தையில் திருக்கையைக் கண்ணால் பார்த்தவர்கள். “எங்க வீட்டுல இதைப் புட்டு செய்வாங்க” என்று ஒரு சிறுமி சொன்னாள். அவர்களிடம் தவறான படத்தைக் கொடுத்தால் கேள்வி வரும்.

3. மாதிரி உருவத்தை இறக்குவதா, வரைவதா?

இறக்குவதென்றால், அந்தப் படத்தோடு உள்ள பயன்பாட்டு நிபந்தனையைப் படித்துவிடுங்கள். இலவசமாகக் கிடைக்கும் படங்களில் பலவும் வீட்டுப் பயன்பாட்டுக்கும் வகுப்பறைப் பயன்பாட்டுக்கும் மட்டுமே அனுமதிக்கப்பட்டவை. நீங்கள் குழந்தைக்கு நூறு ரூபாய் கட்டணம் வாங்கினால் அது வணிகப் பயன்பாடாகக் கொள்ளப்படலாம். நிபந்தனை எழுதியிருக்கும் பக்கத்தையும் ஒரு பிரதி எடுத்து, கோப்பில் வைத்துக்கொள்வது நல்லது.

இன்னொரு கண்ணி தாளின் அளவு. அமெரிக்கத் தளங்களிலிருந்து வரும் அச்சுத்தாள்கள் பெரும்பாலும் ‘லெட்டர்’ அளவில், அதாவது 216 மி.மீ. அகலமும் 279 மி.மீ. உயரமும் கொண்டவையாக இருக்கும். நம் கடைகளில் உள்ள ஏ4 தாளோ 210 மி.மீ. அகலமும் 297 மி.மீ. உயரமும் கொண்டது. அகலத்தில் ஆறு மில்லிமீட்டர் குறைவதால், சிறகு ஓரம் வரை நீளும் படத்தில் இரு நுனிகளும் வெட்டுப்படும்.

என் பரிந்துரை, நீங்களே வரைந்துவிடுவது. படம் வரையத் தெரியாது என்று தயங்க வேண்டாம், பாதியை வரைந்தால் போதும். ஏ4 தாளை நடுவில் வெட்டினால் 210 மி.மீ. நீளமும் 148 மி.மீ. அகலமும் கொண்ட இரண்டு அரைத்தாள்கள் கிடைக்கும். ஒரு அரைத்தாளை, அதன் நீளப் பக்கம் இடவலமாக இருக்கும்படி உங்கள் முன் வைத்து, இடது ஓரம் வலது ஓரத்தைத் தொடும்படி மடியுங்கள். மடிப்புக்கோடுதான் மீனின் முதுகுத்தண்டு. மேல் ஓரத்திலிருந்து ஒரு சென்டிமீட்டர் தள்ளி மூக்கு நுனியில் தொடங்கி, மடிப்பிலிருந்து 9 செ.மீ. தொலைவில் சிறகு நுனியைத் தொட்டு, அங்கிருந்து வளைந்து வந்து வாலடியில் முடியுங்கள். வாலடியில், மடிப்பிலிருந்து ஒரு சென்டிமீட்டர் அகலத்துக்கு ஒரு சிறு நாக்கை விட்டுவைத்தால், விரித்ததும் இரண்டு சென்டிமீட்டர் அகலமான ஒட்டுமிடம் கிடைக்கும். மடித்தபடியே வெட்டி விரித்தால், 18 செ.மீ. அகலமும் சுமார் 12 செ.மீ. நீளமும் உள்ள திருக்கை தயார்.

வாலை மட்டும் வரையாதீர்கள். மெல்லிய காகித வாலைக் குழந்தைகள் வெட்டும்போதே துண்டித்துவிடுவார்கள். அதற்காக அழவும் செய்வார்கள். வாலுக்கு உல்லன் நூல் இருக்கிறது.

4. மேல்பாகமும் அடிப்பாகமும் பொருந்தும்படி மூலப்பிரதியைத் தயாரியுங்கள்

ஒரு புது ஏ4 தாளை எடுத்து, மேல் பாதியில் ஒன்றும் கீழ்ப் பாதியில் ஒன்றுமாக, வெட்டிய உருவத்தை வைத்து ஓரக்கோடு இழுங்கள். ஒன்றரை மில்லிமீட்டர் தடிமன் வரும் கறுப்பு மார்க்கரால் வரைவது நல்லது, மெல்லிய கோட்டைச் சிறு பிள்ளைகளின் கத்தரிக்கோல் தொடர முடியாது. மேல் படத்தில் கண்களையும் கண்களுக்குப் பின்னாலுள்ள இரு துளைகளையும் மட்டும் குறியுங்கள். மணலில் புதைந்து கிடக்கும்போது திருக்கை நீரை உள்ளிழுப்பது இந்தத் துளைகளின் வழியாகத்தான். கீழ்ப் படத்தில் மூக்குத் துளைகள், வாய், பக்கத்துக்கு ஐந்தாகச் செவுள் பிளவுகள். வேறு எதையும் வரைய வேண்டாம். மிச்சத்தைக் குழந்தைகளுக்கு விட்டுவிடுங்கள்.

மடித்து வெட்டிய உருவத்துக்கு இரு பக்கமும் ஒன்றுபோல் இருப்பதால், முதுகோடு முதுகாக ஒட்டும்போது தானாகவே பொருந்தும். இணையத்தில் கிடைக்கும், ஒரு சிறகைத் தூக்கிக்கொண்டு சாய்வாக நீந்தும் திருக்கையை நீங்கள் தேர்ந்தெடுத்திருந்தால், அடிப்பாகத்தைக் கண்ணாடியில் தெரிவதைப் போல இடவலம் மாற்றி அச்சிட வேண்டும். முதல் வகுப்பில் நான் சறுக்கியது இங்கேதான். முப்பது அடிப்பாகங்களும் எதிர்த் திசையில் பறந்துகொண்டிருந்தன.

5. அச்சுக் கடையில் கேட்க வேண்டியவை

படக்கோப்பாக வைத்திருப்பவர்கள் அதை வாட்ஸ்அப்பில் புகைப்படமாக அனுப்பக் கூடாது. அனுப்பும்போதே அது சுருக்கப்பட்டுத் தெளிவை இழக்கிறது. பி.டி.எஃப். ஆக்கி, ‘டாக்குமென்ட்’ என்ற வழியில் அனுப்புங்கள், அல்லது பென் டிரைவில் கொண்டுபோங்கள். படமாகவே வைத்திருக்க வேண்டியிருந்தால், ஏ4 அளவுக்கு 2480 × 3508 புள்ளிகள் இருந்தால் 300 டி.பி.ஐ. தெளிவு கிடைக்கும். கடைக்காரரிடம் ‘ஆக்சுவல் சைஸ்’ என்ற தெரிவில் அச்சிடச் சொல்லுங்கள். ‘ஃபிட் டு பேஜ்’ என்று இருந்தால், இயந்திரம் தன் விருப்பப்படி உருவத்தைச் சிறிதாக்கிவிடும். கையால் வரைந்த மூலப்பிரதி என்றால் இந்தத் தொல்லைகள் எதுவும் இல்லை. நேராக நகலெடுக்கும் இயந்திரத்தில் வைத்து, நூறு சதவீத அளவில் எடுக்கச் சொன்னால் முடிந்தது.

இங்கே மிக முக்கியமான எச்சரிக்கை: தண்ணீர் வண்ணம் பூசப் போகிறீர்கள் என்றால் இங்க்ஜெட் இயந்திரத்தில் அச்சிடாதீர்கள். வீடுகளிலும் சில சிறு கடைகளிலும் இருக்கும் இங்க்ஜெட் இயந்திரங்களின் வண்ண மை பெரும்பாலும் தண்ணீர் பட்டால் கரைந்து பரவும். லேசர் இயந்திரத்திலும் ஜெராக்ஸ் இயந்திரத்திலும் பயன்படுவது சூட்டில் உருகித் தாளோடு ஒட்டிக்கொள்ளும் டோனர் தூள். அது தண்ணீரில் கரையாது. சந்தேகம் இருந்தால் ஒரே ஒரு பிரதி எடுத்து, ஈர விரலால் கோட்டைத் தேய்த்துப் பாருங்கள். கடைக்காரர் சற்று விநோதமாகப் பார்ப்பார், பார்க்கட்டும்.

அடுத்தது தாளின் கனம். வழக்கமான ஜெராக்ஸ் தாள் 70 முதல் 80 ஜி.எஸ்.எம். (சதுர மீட்டருக்கு இத்தனை கிராம்) வரை இருக்கும், ஈரம் பட்டால் அது அப்பளம் போல நெளியும். 300 ஜி.எஸ்.எம். அட்டையோ சிறு கைகளுக்கு வெட்ட முடியாதபடி விறைப்பாக இருக்கும். பல இயந்திரங்களில் மாட்டிக்கொள்ளவும் செய்யும். நான் 160 ஜி.எஸ்.எம். தாளில் நிலைகொண்டுவிட்டேன். சில கடைகளில் இது இருப்பில் இருக்காது. எழுதுபொருள் கடையில் நீங்களே ஒரு கட்டு வாங்கிக்கொண்டு போய், அச்சுக்கு மட்டும் பணம் கொடுக்கலாம். ஆனால் அவர்களுடைய இயந்திரம் அந்தக் கனத்தை ஏற்குமா என்று முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.

வண்ணப் பிரதி தேவையே இல்லை. வண்ணம் தீட்டுவது குழந்தைகளின் வேலை. கறுப்பு வெள்ளை நகலே போதும். செலவும் பல மடங்கு குறையும்.

நேரத்தைப் பொறுத்தவரை, வகுப்புக்கு ஐந்து நாள் முன்பாகக் கடைக்குச் செல்வது பாதுகாப்பானது. ஜூன் மாதத் தொடக்கத்திலும், தேர்வுக்கோ வேலைக்கோ விண்ணப்பிக்கக் கடைசி நாள் நெருங்கும்போதும் இக்கடைகளில் நிற்கக்கூட இடம் இருக்காது. பிற்பகல் இரண்டு மணி முதல் நான்கு மணி வரை கூட்டம் குறைவு. எண்ணிக்கையில் பத்துக்கு ஒன்று கூடுதலாக எடுங்கள். முப்பது பேருக்கு முப்பத்து மூன்று. தம்பியையோ தங்கையையோ கூடவே அழைத்து வரும் குழந்தை ஒவ்வொரு வகுப்பிலும் உண்டு.

6. முழுப் பிரதிகளையும் எடுக்குமுன் ஒன்றை நீங்களே செய்து முடியுங்கள்

கடையில் முதலில் மூன்று பிரதிகள் மட்டும் எடுத்து வீட்டுக்கு வாருங்கள். வகுப்பில் பயன்படுத்தப்போகும் அதே கத்தரிக்கோல், அதே பசை, அதே வண்ணம் ஆகியவற்றைக் கொண்டு, கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு செய்யுங்கள். உங்களுக்குப் பிடித்த நேரத்தை மூன்றால் பெருக்கினால், ஆறு வயதுக் குழந்தைக்கு ஆகும் நேரம் ஓரளவு சரியாக வரும். எனக்கு ஐந்து நிமிடம் பிடித்த வெட்டுவேலை அவர்களுக்குப் பதினைந்து நிமிடம் பிடித்தது. முடிந்தால் வீட்டில் அல்லது பக்கத்து வீட்டில் இருக்கும் ஒரு குழந்தையிடம் இரண்டாவது தாளைக் கொடுத்து, வாய் திறக்காமல் பார்த்துக்கொண்டிருங்கள். எந்த இடத்தில் தடுமாறுகிறதோ அந்த இடத்தில் கோட்டை எளிமையாக்கிவிட்டு, அதன் பிறகு மொத்தப் பிரதிகளையும் எடுங்கள்.

7. பொருட்களும் செலவும்

கடைசியாக நடத்திய வகுப்பில், முப்பது குழந்தைகளுக்கு எனக்கு ஆன செலவு இது. விலைகள் எங்கள் ஊர்க் கடைகளின் விலைகள். உங்கள் ஊரில் சற்றுக் கூடலாம், குறையலாம்.

கனத் தாளில் நகல், சோதனைப் பிரதிகளும் சேர்த்து 36, ஒன்று ரூ. 6 வீதம்: ரூ. 216
நுனி மழுங்கிய சிறு கத்தரிக்கோல் 15: ரூ. 375
தண்ணீர் வண்ணப் பெட்டி 6: ரூ. 240
தூரிகை 10: ரூ. 100
மெழுகு வண்ணக்குச்சிப் பெட்டி 6: ரூ. 120
வெள்ளைப் பசை, நடுத்தரப் புட்டி ஒன்று: ரூ. 60
உல்லன் நூல் ஒரு கண்டு: ரூ. 30
வெள்ளை மெழுகுவத்தி ஒரு பாக்கெட்டு: ரூ. 20
நீல நிறச் சார்ட் 6: ரூ. 72

மொத்தம் ரூ. 1,233, தலைக்கு ஏறத்தாழ 41 ரூபாய். கத்தரிக்கோல், வண்ணப் பெட்டி, தூரிகை ஆகிய மூன்றுக்கும் ஆன ரூ. 715 ஒருமுறைச் செலவு என்பதால், அடுத்த வகுப்புக்கு இதில் பாதிக்கும் குறைவாகவே தேவைப்படும்.

இந்த அளவுக்கும் பணம் இல்லையென்றால் ஒரே ஒரு பிரதியை மட்டும் எடுத்து, அதைப் பழைய கல்யாணப் பத்திரிகை அட்டையிலோ தினசரி நாட்காட்டியின் பின்னட்டையிலோ ஒட்டி வெட்டிக்கொள்ளுங்கள். இப்படி ஆறு அட்டைகள் செய்து, ஐந்து பேருக்கு ஒன்று வீதம் கொடுத்தால், குழந்தைகள் அதைச் சுற்றிக் கோடு இழுத்துத் தங்கள் தாளில் தாங்களே உருவம் எடுப்பார்கள். இதற்குக் கூடுதலாகப் பத்து நிமிடம் பிடிக்கும். ஆனால் அச்சுச் செலவு அநேகமாக இல்லை.

ஜிகினாத் தூளை வாங்காதீர்கள். அது எத்தனை நாள் பெருக்கினாலும் போகாது. ஒட்டும் அசையும் கண்களையும் மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைகள் இருக்கும் இடத்தில் வைக்கக் கூடாது, வாயில் போட்டுக்கொள்வார்கள். காட்சிச் சார்ட்டின் அடியில் தூவும் மணலுக்குப் பதிலாக ரவையைத் தூவலாம் என்று யாரேனும் யோசனை சொன்னால் ஏற்காதீர்கள். நான் ஏற்றேன், இரண்டே நாளில் நூலகச் சுவரில் எறும்புச் சாரி.

8. முந்தைய நாள் செய்து வைக்க வேண்டியவை

எல்லாத் தாள்களையும் நடுவில் வெட்டி, மேல்பாகங்களை ஒரு கட்டாகவும் அடிப்பாகங்களை இன்னொரு கட்டாகவும் பிரித்து வையுங்கள். ஒரே தாளாகக் கொடுத்தால், மேல்பாகத்தின் ஈரம் காயும் வரை குழந்தைகளுக்கு வேலை இருக்காது. பிரித்துக் கொடுத்தால், மேல்பாகம் காயும் நேரத்தில் அடிப்பாகத்தை மெழுகு வண்ணத்தால் தீட்டிக்கொண்டிருப்பார்கள். உல்லன் நூலை 20 செ.மீ. துண்டுகளாக வெட்டி வையுங்கள். அதைவிட நீளமாக வேண்டாம், கழுத்தில் சுற்றி விளையாடுவார்கள். மெழுகுவத்திகளை நான்காக நறுக்கிக்கொள்ளுங்கள். பசையைப் புட்டியோடு கொடுக்காமல், பழைய பாட்டில் மூடிகளில் ஒரு தேக்கரண்டி வீதம் ஊற்றிக் கொடுக்க மூடிகளைச் சேர்த்து வையுங்கள். சார்ட்டுகளின் கீழ் விளிம்பில் ஒட்டுவதற்குக் கொஞ்சம் மணலைச் சலித்து, வெயிலில் காயவைத்துக்கொள்ளுங்கள்.

9. வகுப்பு: ஒன்றரை மணி நேரம்

முதல் பத்து நிமிடம்: தாளைக் கொடுத்தவுடன் பின்பக்கத்தில் பெயர் எழுத வையுங்கள், இரண்டு பாகங்களிலும். இதை மறந்தால் காயவைத்த முப்பது தாள்களும் ஒன்றுபோல் இருக்கும். யாருடையது யாருடையது என்று சண்டை தீராது. பிறகு, திருக்கை மணலில் எப்படிப் பதுங்குகிறது, கண்கள் ஏன் மேலே இருக்கின்றன, உடலில் எலும்புக்குப் பதில் நம் காது மடலில் உள்ளதைப் போன்ற குருத்தெலும்பு இருக்கிறது என்பவற்றைச் சுருக்கமாகச் சொல்லுங்கள். காதைத் தொட்டுப் பார்க்கச் சொன்னால் அனைவரும் அமைதியாகிவிடுவார்கள்.

அடுத்த இருபது நிமிடம்: மேல்பாகத்தில் மெழுகுவத்தித் துண்டால் அழுத்தமாகப் புள்ளிகள் வைக்கச் சொல்லுங்கள். வெள்ளைத் தாளில் வெள்ளை மெழுகு தெரியாது என்பதால், “ஒண்ணுமே வரலையே” என்பார்கள். அதன்மேல் நீலத்தையோ சாம்பல் நிறத்தையோ தண்ணீர் கலந்து பூசினால், மெழுகு பட்ட இடங்களில் வண்ணம் ஒட்டாமல் வெள்ளைப் புள்ளிகள் வெளிப்படும். வகுப்பின் உச்சம் இந்த நொடிதான், அவசரப்படுத்தாதீர்கள். தூரிகையில் தண்ணீர் அதிகமானால் தாள் குளமாகிவிடும் என்பதை மட்டும் ஒருமுறை செய்து காட்டிவிடுங்கள். ஈரம் காயும் வரை வெட்டக் கூடாது. வெட்டிய பின் பூசினாலும் ஓரங்கள் சுருண்டுவிடும். ஆகவே முதலில் வண்ணம், பிறகுதான் கத்தரிக்கோல்.

தாள் காய்வதற்கு எங்கள் ஊர் மே மாத வெயிலில் பதினைந்து நிமிடம் போதுமானதாக இருந்தது. மழைக்காலத்தில் அரை மணிக்கு மேல் ஆனது. மின்விசிறிக்கு நேர் கீழே வைத்தால் பறந்துபோகும். ஒவ்வொரு தாளின் மூலையிலும் ஒரு கூழாங்கல் வையுங்கள். இந்த இடைவேளையில் அடிப்பாகத்தைக் கொடுங்கள். அடிப்புறம் பொதுவாக வெளிறிய நிறமுடையது; ஆகவே முழுவதும் தீட்ட வேண்டியதில்லை. மான்டாவை எடுத்திருப்பவர்களிடம் ஒரு தகவலைச் சொல்லலாம்: அதன் வயிற்றிலுள்ள புள்ளிக்கோலம் ஒவ்வொன்றுக்கும் வேறுபடும், ஆய்வாளர்கள் வயிற்றைப் படமெடுத்தே இது எந்த மீன் என்று அடையாளம் காண்கிறார்கள். “உன் திருக்கைக்கு உனக்கு மட்டும் தெரிந்த புள்ளிகளை வை” என்றால் போதும், அதற்குப் பின் நீங்கள் எதுவும் பேச வேண்டியிருக்காது.

வெட்டுவதற்கு இருபது நிமிடம். கத்தரிக்கோல் ஒரே இடத்தில் நிற்க, மற்றொரு கை தாளைத் திருப்பிக்கொண்டே இருக்க வேண்டும் என்பதைச் செய்து காட்டுங்கள். பெரும்பாலான குழந்தைகள் தாளை அசைக்காமல் தங்கள் மணிக்கட்டைத் திருகுவார்கள். வளைவில் கோணல் வருவது அதனால்தான். இடக்கைக் குழந்தைகளுக்கு வழக்கமான கத்தரிக்கோல் கோட்டை மறைக்கும். அவர்களுக்குக் கோட்டிலிருந்து சற்றுத் தள்ளியே வெட்டச் சொல்லி, இறுதியில் நீங்கள் சரிசெய்து கொடுக்கலாம்.

கடைசிப் பதினைந்து நிமிடம் ஒட்டுவதற்கு. வால் நூலை வாலடி நாக்கின் நடுவே வைத்து, இரண்டு பாகங்களையும் ஓரங்களில் மட்டும் பசை தடவி ஒட்ட வேண்டும். நடுவில் பசை வேண்டியதில்லை. அதிகமானால் தாள் ஊறிச் சுருங்கும். எட்டு, ஒன்பது வயதினர் ஒரு பக்கத்தைத் திறந்துவிட்டு, உள்ளே கிழித்த நாளிதழ்த் துண்டுகளை அடைத்த பின் மூடினால் திருக்கை உப்பலாகத் தெரியும். ஸ்டேப்ளர் பயன்படுத்த ஆசை வரும். பின்னின் முனை விரலில் கீறும் என்பதால் நான் விட்டுவிட்டேன். எஞ்சும் நேரம் மேசை துடைப்பதற்கு.

ஐந்து வயதினருக்கு இந்த முழு வரிசையும் அதிகம். அவர்களுக்கு முன்கூட்டியே வெட்டிய மேல்பாகத்தை மட்டும் கொடுத்து, மெழுகு வண்ணக்குச்சியால் புள்ளி வைக்கவும், ஒரு ஐஸ் குச்சியை நடுவில் ஒட்டிச் சிறகுகளை லேசாக மேல்நோக்கி மடிக்கவும் சொல்லுங்கள். குச்சியைப் பிடித்து மேலும் கீழும் அசைத்தால் சிறகுகள் அடித்துக்கொள்ளும். இதற்கு மட்டும் 160 ஜி.எஸ்.எம். தாளை விடச் சாதாரணத் தாளை இரண்டாக ஒட்டியது நன்றாக அசைகிறது.

10. வீட்டுக்குக் கொடுத்தனுப்புவது

ஒட்டிய திருக்கைகளை உடனே கையில் கொடுக்க வேண்டாம். பசை முழுவதும் இறுக ஒரு மணி நேரமாவது ஆகும். பெற்றோர் ஸ்கூட்டரின் முன்னால் வைத்துக்கொண்டு போகும்போதே இரண்டாகப் பிரிந்துவிடும். நூலகம் சம்மதித்தால், நீலச் சார்ட்டுகளைச் சுவரில் ஒட்டி, அடியில் பசை தடவி மணலைத் தூவி, ஒரு வாரம் அங்கேயே காட்சிக்கு வைத்துவிட்டு, அடுத்த சனிக்கிழமை வாங்கிக்கொள்ளச் சொல்லலாம். சுவரில் ஒட்டும்போது ஒரு சிறகை மட்டும் சார்ட்டோடு பிணைத்து மற்றதை விட்டுவிடுங்கள். வருகிறவர்கள் புரட்டி வயிற்றுப் புள்ளிகளையும் பார்ப்பார்கள்.

மூலப்பிரதியையும், கடை பில்லையும், பெற்றோர் கையொப்பமிட்ட தாள்களையும் ஒரே உறையில் போட்டு, உறையின் மேல் தாளின் கனத்தையும் அச்சிட்ட இயந்திரத்தின் வகையையும் எழுதி வையுங்கள். நான் அப்படி எழுதாமல் விட்டதால், இரண்டாவது வகுப்புக்கு முன் அதே கடைக்குப் போய், “போன தடவை என்ன தாள் கொடுத்தீங்க அண்ணா?” என்று கேட்டுக்கொண்டு நிற்க வேண்டியிருந்தது. அவருக்கும் நினைவில்லை.